விர்ச்சோ ஆர்கிவ்: முதல் தொகுதியிலிருந்து இன்றைய இதழ் வரை ஒரு மதிப்புரை

நோய்க்குறியியல் பாடத்தைத் தேர்வுக்காகவேனும் படித்த எவருக்கும் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயர் பழக்கமானது. இரத்தம் குழாய்க்குள்ளேயே உறைவதற்கான மூன்று காரணங்களிலும், கழுத்தின் இடப்பக்கத்தில் வீங்கும் நிணநீர்க் கணுவிலும், இரத்தப் புற்றைக் குறிக்கும் லுக்கேமியா என்ற நோய்ப் பெயரிலும் அவர் பாடநூலுக்குள் இடம்பிடித்திருக்கிறார். ஆனால் அவர் 1847இல் பெர்லினில் தொடங்கி, இன்றும் வெளிவந்துகொண்டிருக்கும் விர்ச்சோ ஆர்கிவ் என்னும் ஆய்விதழைத் திறந்து பார்த்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. அந்த இதழின் முழு ஓட்டமும் இப்போது இரண்டு வடிவங்களில் இணையத்தில் கிடைக்கிறது. பதிப்பகமான ஸ்பிரிங்கரின் தளத்தில் முதல் தொகுதி தொடங்கி ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனிக் கோப்பாக இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொகுதிகள் இண்டர்நெட் ஆர்க்கைவ், கூகிள் புக்ஸ் ஆகிய தளங்களில் முழுப் புத்தகங்களாக, ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாக இருக்கின்றன. இவ்விரண்டையும் வாசிப்புப் பொருளாக எடுத்துக்கொண்டு, யாருக்கு எது பயன்படும் என்பதைச் சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவ அறிவு யாரால், யாருக்காக, எந்த மொழியில் எழுதப்பட்டு வந்திருக்கிறது என்பதை ஒரே அலமாரியில் வைத்துப் பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான இதழை எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கட்டுரை கட்டுரையாக எடுத்து வாசித்தால் அந்தப் பயனில் பெரும்பகுதி நழுவிப் போகும். தொகுதியாகவே வாசிக்க வேண்டும்.

இதழைத் தொடங்கியபோது விர்ச்சோவுக்கு வயது 25. உடன் நின்ற பென்னோ ரைன்ஹார்ட்டும் இருபதுகளில் இருந்தவரே. அவர் 1852இல் இறந்துபோனதால் இதழ் முழுக்க விர்ச்சோவின் கைக்கு வந்தது. தொடக்ககாலப் பெயர் நோய் உடற்கூற்றியல், உடலியங்கியல், மருத்துவமனை மருத்துவம் மூன்றையும் அடக்கிய நீண்ட பெயர். அவர் மறைந்த பிறகுதான் எல்லோரும் வாய்ப்பேச்சில் வழங்கிவந்த அவருடைய பெயர் அட்டையில் ஏறியது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1843இல், அதே விர்ச்சோ தம் பட்ட ஆய்வேட்டை இலத்தீனில் எழுதியிருந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் தொகுதியைத் திறக்க வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வாளர்களுக்கு எழுதும்போது இலத்தீன். தாமே ஓர் இதழ் நடத்தும்போது ஜெர்மன். அறிவியல் மருத்துவத்தின் நிலைப்பாடுகளைப் பற்றிய முகப்புக் கட்டுரை, மற்ற மருத்துவர்களை நேருக்கு நேர் விளித்து வாதிடும் தொனியில் அமைந்திருக்கிறது. அதை இலத்தீனில் கற்பனை செய்துபார்க்கவே முடியவில்லை.

முதல் தொகுதியில் மிகத் தெளிவாகத் தெரியும் விஷயம், இதழாசிரியரும் கட்டுரையாளரும் பெரும்பாலும் ஒரே ஆள் என்பது. புற்றுநோய் எப்படி உருவாகி வளர்கிறது என்று விர்ச்சோ எழுதிய கட்டுரை 94ஆம் பக்கத்தில் தொடங்கி 201ஆம் பக்கத்தில் முடிகிறது. இன்று எந்த மருத்துவ இதழும் ஒருவருக்கு இவ்வளவு இடம் தராது. தரக்கூடாது என்றும் ஒரு பகுதி மனம் சொல்கிறது. ஏனெனில் தம் கட்டுரையைத் தாமே ஏற்றுக்கொள்ளும் இதழாசிரியரைத் திருத்துவதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. ஆயினும் அந்தக் கட்டற்ற இடம் இல்லாவிட்டால் அடுத்த தொகுதியில் உள்ள அறிக்கை வெளிவந்திருக்காது.

அன்று பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த மேல் சைலீசியாவில் பரவிய டைபஸ் காய்ச்சல் என்னும் கொள்ளைநோயைப் பார்வையிட 1848 பிப்ரவரியில் பிரஷ்ய அரசு விர்ச்சோவை அனுப்பியது. மூன்று வாரங்களுக்கும் குறைவாகவே அவர் அங்கே இருந்தார். மார்ச் 10ஆம் தேதி பெர்லின் திரும்பினார். எட்டு நாள்கள் கழித்து நகரத்தில் புரட்சி வெடித்தபோது தடுப்பரண்களில் நின்றார். அந்தப் பயணத்தின் அறிக்கை இரண்டாம் தொகுதியில் 143ஆம் பக்கம் முதல் 322ஆம் பக்கம் வரை நீள்கிறது. நிலத்தின் அமைப்பு, வீடுகளின் நெருக்கடி, மக்கள் உண்ட உணவு, பிரேதப் பரிசோதனைக் குறிப்புகள் ஆகியவற்றைக் கடந்து, கடைசியில் அவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டில் மருந்தே இல்லை. முழுமையான மக்களாட்சி, கல்வி, சாலைகள், ஏழைகளிடமிருந்து செல்வந்தர் மீது மாற்றப்படும் வரி, திருச்சபையிலிருந்து பிரிந்த அரசு ஆகியவற்றைப் பரிந்துரைக்கும் அவர், போலிஷ் பேசும் அந்த மக்களுக்குப் போலிஷ் மொழியையே ஆட்சிமொழியாக்க வேண்டும் என்றும் கேட்கிறார். நோயாளி ஒரு மொழியும் அதிகாரி வேறொரு மொழியும் பேசும் மாவட்டத்தில் எந்தச் சுகாதார உத்தரவும் வீடு வரை போய்ச் சேராது என்பதை நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முரண் என்னவென்றால், போலிஷ் மக்களுக்காக வாதிடும் அந்த அறிக்கை பெர்லினில் உள்ளவர்கள் படிப்பதற்காக ஜெர்மனில் எழுதப்பட்டது. அதற்கு வேறு வழியும் இருக்கவில்லை. தீர்ப்புச் சொல்கிறவர் எங்கே இருக்கிறாரோ அந்த மொழியில்தான் மருத்துவம் எழுதப்படுகிறது என்பதற்கு இந்தத் தொகுப்பு தரும் முதல் சான்று இது. இனி வரும் ஒவ்வொரு காலத்திலும் அதையே வேறு வேறு முகங்களில் பார்க்கலாம்.

அரசியல் நடவடிக்கைகளால் பெர்லினில் நிலைக்க முடியாமல் 1849இல் வூர்ட்ஸ்பர்க் நகருக்குப் போன விர்ச்சோ, அங்கிருந்தும் இதழை நடத்தினார். செல் ஒவ்வொன்றும் மற்றொரு செல்லிலிருந்தே தோன்றுகிறது என்ற அவருடைய புகழ்பெற்ற இலத்தீன் வாசகம் 1855இல், எட்டாம் தொகுதியில், செல் நோய்க்குறியியல் என்ற தலைப்பிலான கட்டுரையில் வருகிறது. இந்த இடத்தில் ஒரு விமர்சனம் அவசியம். செல்கள் பிரிந்தே பெருகுகின்றன என்பதை ராபர்ட் ரெமாக் 1852லேயே வேறோர் இதழில் எழுதியிருந்தார். போசன் நகரில் பிறந்த யூதரான ரெமாக்குக்கு முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய பங்கும் வெகுகாலம் பேசப்படவில்லை. சொந்தமாக இதழ் வைத்திருந்தவரின் வாசகம் நின்றது. விர்ச்சோ ஆர்கிவை மட்டும் வாசிக்கிற ஒருவருக்கு இந்த அநீதி கண்ணில் படாது என்பதால், எட்டாம் தொகுதியைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு நல்ல அறிவியல் வரலாற்று நூலையும் வைத்துக்கொள்வது நல்லது.

1860களின் தொகுதிகள்தாம் என் பார்வையில் இதழின் மிகச் சிறந்த பகுதி. 1856இல் பெர்லின் திரும்பிய விர்ச்சோவைச் சுற்றி மாணவர்களும் உதவியாளர்களும் சேர்ந்துவிட்டார்கள். இதழாசிரியரின் பெயர் பின்வாங்கி, கட்டுரையாளர்களின் பெயர்கள் முன்வருகின்றன. 28ஆம் தொகுதியில் ரெக்லிங்ஹவுசன் சீழ்ச் செல்கள் நகர்வதைக் காட்டுகிறார். 1867இல், 40ஆம் தொகுதியின் முதல் பக்கத்திலிருந்து 79ஆம் பக்கம் வரை, யூலியுஸ் கோன்ஹைம் தவளையின் குடல்தாங்கிப் படலத்தை உயிரோடு நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அழற்சியின்போது வெள்ளணுக்கள் இரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்து வெளியேறுவதை மணிக்கணக்கில் பார்த்து எழுதுகிறார். சீழ்ச் செல்கள் இணைப்புத் திசுவின் செல்களிலிருந்தே பிறக்கின்றன என்ற விர்ச்சோவின் கருத்தை அந்தக் கட்டுரை நேரடியாகவே அசைக்கிறது. விர்ச்சோவின் நிறுவனத்தில் உதவியாளராக இருந்தவர் விர்ச்சோவின் இதழிலேயே விர்ச்சோவை மறுக்க முடிந்தது என்பதை, மேலே ரெமாக்கைப் பற்றிச் சொன்னதோடு சேர்த்து எடைபோட வேண்டும். அந்த மனிதரைப் பற்றி ஒரே தீர்ப்பு எழுதிவிட முடியாதபடி இந்தத் தொகுதிகள் வைத்திருக்கின்றன.

அடுத்த ஆண்டு, 44ஆம் தொகுதியில், இன்னும் பட்டம் பெறாத மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் மனிதத் தோலின் நரம்புகளைப் பற்றி 13 பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கோன்ஹைம் வகுத்த தங்க குளோரைடு சாயமுறையைக் கையாண்டு, மேல்தோலில் கிளைவிட்ட செல்களைக் கண்டு, அவற்றை நரம்பைச் சேர்ந்தவை என்று எண்ணினார். அவை நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்தவை என்பது தெரிய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. மாணவர் ஒருவர் தனி ஆளாகத் தன் பெயரில் எழுத, ஆசிரியரின் பெயர் மேலே ஒட்டப்படாமல் அது வெளிவந்தது என்பதை இன்றைய முதுநிலை மாணவர்கள் சற்று ஏக்கத்தோடு கவனிப்பார்கள் என்று நினைக்கிறேன். கணையத்தில் உள்ள திட்டுகளைப் பற்றி அதே லாங்கர்ஹான்ஸ் 1869இல் எழுதிய பட்ட ஆய்வேடு ஜெர்மனில் இருக்கிறது. விர்ச்சோவின் இலத்தீன் ஆய்வேட்டுக்கும் இதற்கும் இடையே 26 ஆண்டுகள்தாம்.

கட்டுரைத் தலைப்புகளுக்குக் கீழே இருக்கும் சிறு எழுத்து வரிகளைத் தவறாமல் படியுங்கள் என்பது வாசகர்களுக்கு என் வேண்டுகோள். எந்த நிறுவனத்தின் ஆய்வகத்திலிருந்து, எழுதியவர் எந்தப் பதவியில், எந்த ஊரிலிருந்து என்பதெல்லாம் அங்கே இருக்கும். தொகுதி தொகுதியாக அந்த வரிகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனால், பெர்லின், வூர்ட்ஸ்பர்க் என்று இருந்த ஊர்ப்பெயர்கள் மெல்ல விரிந்து ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போவதைக் காணலாம். ஆனால் மொழி மட்டும் விரியவில்லை. யார் எங்கிருந்து எழுதினாலும் ஜெர்மனிலேயே எழுதினார்கள். ஆங்கிலம் உலக அறிவியல் மொழியாகிவிட்டதைப் புதிதாக நேர்ந்த ஒன்றைப் போலப் பேசுகிறவர்கள் 1880 முதல் 1914 வரையிலான தொகுதிகளை அவசியம் பார்க்க வேண்டும். தாய்மொழி அல்லாத ஒரு மொழியில் எழுதினால்தான் கவனிக்கப்படுவோம் என்ற நிலைமை அப்போதே முழுமையாக இருந்தது, மொழிதான் வேறு.

இதற்கு ரஷ்ய உயிரியலாளர் இலியா மெச்னிகோவ் நல்ல உதாரணம். வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்ற எண்ணம் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திரமீனின் இளவுயிரிகளைக் கவனித்தபோது அவருக்குத் தோன்றியது. 1883இல் அவ்வூருக்கு வந்த விர்ச்சோவிடம் அதை விளக்கி ஊக்கமும் பெற்றார். மறு ஆண்டு 96ஆம் தொகுதியில், டாப்னியா என்னும் நீர்ப்பூச்சியைத் தாக்கும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வந்தது. ஊசி போன்ற வித்துகள் குடற்சுவரைத் துளைத்து உடற்குழிக்குள் நுழைவதையும், இரத்தச் செல்கள் அவற்றைச் சூழ்ந்து கரைப்பதையும், செல்கள் தோற்றால் பூச்சி இறப்பதையும் கண்ணாடி போன்ற அந்த உடலுக்குள் பார்த்து, ஒரு போரின் அன்றாடக் குறிப்பைப் போல அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் மொழிபெயர்ப்பிலும் உயிர்ப்போடு இருக்கின்றன. ரஷ்யர் ஒருவர் இத்தாலியில் கண்டதை ஜெர்மனில் எழுதினார். 1888இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்த பின் அவருடைய ஆய்வுகள் பிரெஞ்சில் வரத் தொடங்கின. 1908இல் நோபல் பரிசைப் பால் எர்லிக்கோடு பகிர்ந்துகொண்டார். ஆளும் கருத்தும் அவையே; இடம் மாறியதும் எழுத்தின் மொழி மாறிற்று. 198ஆம் தொகுதியில் இதே வழியில் வந்த இன்னொரு ரஷ்யரைக் காணலாம்: முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் முதலியவற்றைக் கொடுத்து அவற்றின் பெருந்தமனி கெட்டுப்போவதை இக்னாடோவ்ஸ்கி 1909இல் விவரித்தார். கொழுப்பைப் பற்றி இன்று நாம் கேட்கும் எச்சரிக்கைகளுக்கு வித்திட்ட ஆய்வுகளில் ஒன்று அது. அவர் குற்றம் சாட்டியதோ விலங்குப் புரதத்தை.

ஜப்பானியரின் கதை இதைவிடக் கூர்மையானது. மெய்ஜி காலத்தில் ஜப்பான் தன் மருத்துவக் கல்விக்கு ஜெர்மன் முறையைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே டோக்கியோவின் மருத்துவர்களுக்கு ஜெர்மனே படிப்பின் மொழியும் ஆய்வின் மொழியும் ஆயிற்று. பெர்லினில் விர்ச்சோவிடம் பயின்று திரும்பிய யமகிவா கட்சுசபுரோ, கல்லீரலில் தோன்றும் புற்றைப் பற்றி 1911இல் 206ஆம் தொகுதியில் எழுதினார். கல்லீரல் கட்டியைக் குறிக்கும் ஹெபடோமா என்ற பெயர் அக்கட்டுரையின் தலைப்பில் இருக்கிறது. 1915இல் இச்சிகாவாவுடன் சேர்ந்து முயலின் காதில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து தடவிப் புற்றை உண்டாக்கிய புகழ்பெற்ற ஆய்வை அவர் டோக்கியோ மருத்துவப் புலத்தின் வெளியீட்டில் ஜெர்மனில்தான் பதிப்பித்தார். 1918இல் அதையே விரிவாக எழுதியபோது அது அமெரிக்க இதழொன்றில் ஆங்கிலத்தில் வந்தது. இடையில் 1914இல் ஜப்பானும் ஜெர்மனியும் போரில் எதிரெதிர் அணிகளில் நின்றிருந்தன. போருக்குப் பின் ஜெர்மன் அறிஞர்களைப் பல பன்னாட்டு அமைப்புகள் ஒதுக்கிவைத்தன. ஒரு மொழி தன் செல்வாக்கை இழந்ததற்கு அதன் இலக்கணத்தில் குறை தேட வேண்டியதில்லை.

1902இல் விர்ச்சோ மறைந்தபோது ஏறத்தாழ 170 தொகுதிகள் வெளியாகியிருந்தன. அடுத்து ஜோகன்னஸ் ஓர்த், அவருக்குப் பின் ஓட்டோ லுபார்ஷ் இதழை நடத்தினார்கள். இந்த லுபார்ஷ் யார் என்று அறிய 1888ஆம் ஆண்டின் 111ஆம் தொகுதிக்குப் போக வேண்டும்: சிறுகுடலில் பல இடங்களில் தோன்றும் சிறு கட்டிகளை அவர் இளைஞராக விவரித்த அக்கட்டுரை, இன்று கார்சினாய்டு எனப்படும் நோயின் முதல் தெளிவான விளக்கங்களில் ஒன்று. கட்டுரையாளராக நுழைந்தவர் இதழாசிரியரானார். யூதக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவத்துக்கு மாறிய அவர் ஜெர்மன் தேசியவாத அரசியலில் தீவிரமாக இருந்தவரும்கூட. 1933 ஏப்ரல் தொடக்கத்தில் அவர் இறந்தார். அதே மாதத்தில் வந்த சட்டம் யூதப் பேராசிரியர்களை அரசுப் பதவிகளிலிருந்து வெளியேற்றியது.

1930களின் தொகுதிகள் வாசிப்பதற்குக் கடினமானவை. அவற்றில் எழுதியிருப்பவற்றைவிட, எழுதாமல் போனவர்களே அதிகம் உறுத்துகிறார்கள். பிராங்க்பர்ட்டில் நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த பிலிப் ஷ்வார்ட்ஸ் பதவி பறிபோனதும் சூரிச்சுக்குத் தப்பி, வேலையிழந்த ஜெர்மன் அறிஞர்களுக்கு வெளிநாடுகளில் இடம் தேடித்தரும் அமைப்பொன்றை 1933லேயே நிறுவினார். பின் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே போன பேராசிரியர்களுக்குச் சில ஆண்டுகளுக்குள் துருக்கி மொழியில் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். அதுவரை மொழிபெயர்ப்பாளரை வைத்து நடத்தினார்கள். இன்னும் பலர் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார்கள். பதிப்பகத்தின் தளம் இந்தக் காலத்துத் தொகுதிகளையும் மற்றவற்றைப் போலவே, ஒரே அச்சான பட்டியலாகக் காட்டுகிறது. எந்தப் பெயர் எந்த ஆண்டோடு நின்றுபோகிறது என்பதை வாசகர்தாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு பெரிய தொகுப்புக்கு ஒரு வரலாற்று முன்னுரைப் பக்கமேனும் உடன் இருந்திருக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தொகுதிகளை வேகமாகவே கடந்துவிடலாம். 1968இல் இதழ் இரண்டாகப் பிரிந்தது: நோய் உடற்கூற்றியலுக்கு ஒன்று, செல் நோய்க்குறியியலுக்கு மற்றொன்று. அக்காலத் தொகுதிகளில் ஜெர்மன் கட்டுரையும் ஆங்கிலக் கட்டுரையும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதையும், ஜெர்மன் கட்டுரைக்கு ஆங்கிலச் சுருக்கம் தரப்பட்டிருப்பதையும் காணலாம். பிறகு இதழின் துணைத்தலைப்பே ஆங்கிலத்துக்கு மாறிற்று. 1994இல் இரு கிளைகளும் மீண்டும் ஒன்றாயின. இன்று ஐரோப்பிய நோய்க்குறியியல் சங்கத்தின் இதழாக, முழுவதும் ஆங்கிலத்தில் வெளிவருகிறது; பெயரில் மட்டும் ஜெர்மன் மிஞ்சியிருக்கிறது.

இன்றைய இதழைத் தனிப் பொருளாக மதிப்பிட்டால் குறை சொல்ல அதிகமில்லை. கட்டி வகைப்பாடு, மரபணுச் சோதனை, டிஜிட்டல் நோய்க்குறியியல் ஆகியவற்றில் அன்றாடப் பணிக்கு உதவும் கட்டுரைகள் ஒழுங்காக வருகின்றன. இந்தியா உட்பட எல்லாக் கண்டங்களிலிருந்தும் எழுதுகிறார்கள். தனி ஒருவரின் பெயர் இருந்த இடத்தில் இன்று பத்துப் பெயர்களும், யார் என்ன பங்காற்றினார் என்ற குறிப்பும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பண உறவுகளைப் பற்றிய உறுதிமொழியும் இருக்கின்றன. 1847இன் விர்ச்சோவுக்கு இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்டதில்லை. சைலீசியாவில் இறந்தவரின் உடலைத் திறந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி கேட்கப்பட்டதா என்று பழைய அறிக்கையில் தேடிப் பயனில்லை. எனவே பழையதே பொன் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் கட்டுரையாளரின் குரல் மறைந்துவிட்டது என்பது உண்மை. கோன்ஹைம் தாம் தயங்கிய இடத்தைத் தயங்கினேன் என்று எழுத முடிந்தது. இன்றைய அமைப்பில் தயக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் குறைபாடுகளைப் பட்டியலிடும் ஒரு பத்தி மட்டுமே, அதையும் மதிப்பாய்வாளர் கேட்ட பிறகே பலர் சேர்க்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஸ்காண்டிநேவிய இதழ் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். 1869இல் ஸ்டாக்ஹோமில் ஆக்செல் கீ தொடங்கிய நார்டிக் மருத்துவ ஆவணம் வடநாட்டு மொழிகளில் வந்தது. 1919இல் ஆக்டா மெடிக்கா ஸ்காண்டிநேவிகா என்று பெயர் மாறி ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றையும் ஏற்றது. 1989இல் ஜர்னல் ஆஃப் இன்டர்னல் மெடிசின் ஆயிற்று. பின்லாந்தின் எரிக் வான் வில்லிபிராண்ட், ஆலந்துத் தீவுகளில் ஒரு குடும்பத்தில் கண்ட இரத்தக்கசிவு நோயை 1926இல் சுவீடிய மொழியில் எழுதினார். 1931இல் அதையே ஜெர்மனில் எழுதி இந்த இதழுக்குத் தந்தார். யான் வால்டன்ஸ்டிராம் 1937இல் போர்பிரியா என்னும் நோயைப் பற்றிய பெரிய ஆய்வை ஜெர்மனில் வெளியிட்டார். 1944இல், இன்று அவர் பெயரால் வழங்கும் இரத்த நோயை அதே இதழில் ஆங்கிலத்தில் விவரித்தார். நடுநிலை நாடான சுவீடனில் இருந்த ஒருவர் ஏழே ஆண்டுகளில் மொழியை மாற்றிக்கொண்டார். மொழிமாற்றத்தை மட்டும் ஆராய்கிறவருக்கு விர்ச்சோ ஆர்கிவைவிட இந்த இதழ் தெளிவாகப் பேசும். மனிதர்களைப் பொறுத்தவரை விர்ச்சோ ஆர்கிவே செழிப்பானது.

இனிப் பயன்பாடு பற்றி. பதிப்பகத் தளத்தின் ஸ்கேன்கள் படிக்கத் தெளிவானவை. தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தெரிந்தால் கட்டுரையைச் சில நொடிகளில் எடுத்துவிடலாம். சந்தா இல்லாதவர் ஒவ்வொரு பழைய கட்டுரைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் தடை. எழுதியவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான கட்டுரைக்கு அந்த விலை நியாயமாகத் தோன்றவில்லை. அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிட இந்திய அரசு 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் இந்தப் பதிப்பகமும் இருப்பதால், அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் பழைய தொகுதிகளும் அதில் அடங்குமா என்று முதலில் நூலகரிடம் கேட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு இலவச ஸ்கேன்களே போதும். அவற்றில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான தொகுதிகளைத் தேடலாம். முழுப் புத்தகமாக இருப்பதால் முன்னும் பின்னும் உள்ள கட்டுரைகளோடு சேர்த்து வாசிக்கலாம் என்பது கட்டணக் கோப்பில் கிடைக்காத வசதி. ஆனால் படத்தகடுகள் கட்டுரையோடு இருக்காது, கடைசியில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். மடித்துவைத்த தகடுகள் விரிக்கப்படாமலே ஸ்கேன் ஆகியிருந்தால் வேறொரு நூலகத்தின் பிரதியைத் தேட வேண்டியிருக்கும்.

தேடும்போது எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். 1901இல் ஜெர்மன் எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டது. அதற்கு முன் சி எழுத்தால் எழுதிய பல மருத்துவச் சொற்கள் பின்னர் கே அல்லது இசட் எழுத்துக்கு மாறின. ஆகவே ஒரே சொல்லை இரு வடிவங்களிலும் தேடாவிட்டால் பாதி முடிவுகள் தப்பிவிடும். ஜெர்மன் தெரியாதவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி ஓரளவு முன்னேறலாம். பிரேதப் பரிசோதனை விவரங்களை அது நன்றாகவே பெயர்க்கிறது. ஒரு பக்கத்தை நிரப்பும் விர்ச்சோவின் வாத வாக்கியங்களில்தான் எதை மறுக்கிறார், எதை ஏற்கிறார் என்பது தலைகீழாகிவிடும் அபாயம் உண்டு. சைலீசிய அறிக்கைக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சில் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

முதன்முறை நுழைகிறவர் இரண்டாம் தொகுதியின் அறிக்கை, 40ஆம் தொகுதியில் கோன்ஹைம், 44இல் லாங்கர்ஹான்ஸ், 96இல் மெச்னிகோவ் என்ற வரிசையில் போகலாம். பின்னர் 1970களின் ஏதேனும் ஒரு தொகுதியை எடுத்து, கட்டுரையாளர்களின் ஊர்களையும் மொழிகளையும் மட்டும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு இன்றைய இதழின் பொருளடக்கத்துக்கு வாருங்கள். எட்டாம் தொகுதியைக் கடைசிக்கு ஒத்திப்போடுங்கள்; புகழ் பெற்ற வாசகம் அதில் இருந்தாலும், முன்னறிமுகம் இல்லாமல் வாசிக்க அது இந்தத் தொகுப்பிலேயே மிகக் கரடுமுரடான கட்டுரை.